வாளிக்கயிற்று நீளம்

மெசின் போட்ட சத்தத்தைக் கேட்டதுமே ஆணி என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் குந்தினாள். முழங்காலின் கீழ் மடித்த சாக்கை இழுத்து விட்டுக்கொண்டு, சத்தம் வந்த இடத்துக்கு ஒரு சாண் பின்னால் சாந்தகப்பையைக் குத்தி, மண்ணைப் பக்கவாட்டில் சுரண்டத் தொடங்கினாள்.

"நேரா ரெண்டு கொத்துக் கொத்தினா வந்திடும்தானே புள்ள," என்றார் பிளாஸ்டிக் கதிரையில் இருந்த அப்துல் ஹமீட். "இங்க ஆரும் மிதிவெடி தாட்டதில்ல."

"தெரியும் ஹமீட் நானா. கைக்குத் தெரியாது."

ஆணிதான். அதைத் தூக்கி அவருக்கும், கிணற்றுக் கட்டில் இருந்த அவர் மனைவி சரீபாவுக்கும் காட்டிவிட்டு உரப்பையில் போட்டாள். அதில் ஏற்கெனவே மீன் டின் மூடிகள், ஒரு கதவுக் கொண்டி, வெற்றுத் தோட்டாக்கள், பச்சை பிடித்த செப்புக் காசு ஒன்று.

அப்துல் ஹமீட் காசை எடுத்துச் சாரத்தில் துடைத்தார். "முத்துக் குளிச்ச காலத்துக் காசுபோல. இத வித்தா இன்னொருக்கா ஹஜ்ஜுக்குப் போகலாமோ?"

"மொதல்ல ஒருக்காப் போற வழியப் பாருங்க," என்றாள் சரீபா. அவள் சிரிக்கவில்லை. காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மெசின் வைத்திருந்தவளின் பெயர் அன்ரோனெற். பேசாலையில் பிறந்து, பேசாலையிலேயே சிங்கராசாவுக்கு வாழ்க்கைப்பட்டவள். சண்டை முடிந்து கண்ணிவெடி அகற்றும் நிறுவனம் ஒன்று ஊர் ஊராக ஆள் எடுத்த நேரம், சிங்கராசாவின் முதுகு வலை இழுக்க இடம் கொடாத காலம். இவள் போனாள். முகத்துக்குக் கண்ணாடித் தட்டி, உடம்புக்குப் பாரமான அங்கி. மடுப் பக்கமும் அடம்பன் பக்கமும் வெயிலில் முழங்காலால் நகர்ந்து திரிந்தாள். நிலமெல்லாம் துப்புரவாகி நிறுவனம் பெட்டி கட்டியபோது மற்றப் பெண்கள் தையல் பக்டரிக்குப் போனார்கள். இவளுடைய முழங்கால்கள் எந்தக் கதிரையிலும் மடங்க மறுத்தன. காதுக்குள் ஒரு கூவல் தங்கிவிட்டது. பூசையில் மணி அடித்தால் ஊரெல்லாம் பீடத்தைப் பார்க்கும், இவள் நிலத்தைப் பார்ப்பாள். "நிலத்தைப் பாத்து நடந்து சம்பளம் வாங்கினவள் எங்கட வீட்டில மட்டும்தான்," என்று சிங்கராசா மீன்வாடியில் சொல்லிச் சிரிப்பான்.

பழைய சூப்பர்வைசர் ஒருவர் மூலம் இந்த மெசின் வந்தது. வெளிநாட்டுக் கடற்கரைகளில் காசு பொறுக்குகிறவர்கள் வைத்திருக்கும் சாமான். மண்ணுக்குள் உலோகம் கிடந்தால் கத்தும். இதற்கு அரசாங்கக் கந்தோரில் அனுமதி எடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். எடுக்கவில்லை. துணியில் சுற்றித் தூண்டில் தடி மாதிரி பஸ்ஸில் கொண்டு போவாள். அவளைத் தேடி வந்தவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு வருசத்தில் ஓடினவர்கள். ஓடும்போது சங்கிலியையும் காப்பையும் மண்ணில் தாட்டுவிட்டுப் போனவர்கள். திருக்கேதீஸ்வரம் பக்கம் பழங்காசு தேட வரச்சொல்லி வான் வண்டியில் வந்தவர்களும் உண்டு. கோயிலடியில் மெசின் பிடிக்க மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். பாதி பயம், பாதி அலுப்பு.

சாமான் கிடைத்தால் வீட்டுக்காரருக்குள் சண்டை வரும். கிடைக்காவிட்டால் இவள் ஒளித்துவிட்டாள் என்று கதை வரும். அதனால் சட்டைப் பையைத் தானே தைத்து மூடினாள். வீட்டாள் ஒருவரைப் பக்கத்தில் இருத்தாமல் வேலை தொடங்குவதில்லை. ஆணி வந்தாலும் அவருக்குக் காட்டிவிட்டுத்தான் போடுவாள். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒரே கூலி.

கொண்டச்சியில் இந்த வளவு அண்ணன் தம்பி இரண்டு பேருடையது. அண்ணன் மஹ்மூது புத்தளம் அகதி முகாமில் மௌத்தாகி அங்கேயே அடக்கமாகிவிட்டார். தம்பி இந்த அப்துல் ஹமீட். தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் முஸ்லிம்கள் எல்லாரும் வெளியேற வேண்டும் என்று இயக்கம் சொன்னபோது, மஹ்மூது தன் மனைவி உம்மு ஸல்மாவின் நகைகளைப் பால்மா டின் ஒன்றில் போட்டுத் தாட்டார். மனைவிக்கு அவர் சொல்லிவைத்த குறிப்பு சின்னது. கிணற்றடியில் நின்று கிப்லாப் பக்கம், தொழப் பார்த்து நிற்கும் மக்காப் பக்கம், வாளிக்கயிற்றை இழுத்துப் பிடி, கயிறு முடியும் இடம். அந்தக் குறிப்பு சரீபாவுக்கும் தெரியும். வேறு எவருக்கும் தெரியாது.

இருபது வருசத்துக்கு மேல் வளவு காடாகக் கிடந்தது. முதலில் திரும்பி வந்தவர்கள் சரீபாவும் கணவனும். அடுத்த வருசம் உம்மு ஸல்மா வந்து, கயிற்றைப் பிடித்து, ஆளை விட்டு வெட்டிப் பார்த்தாள். மண்தான் வந்தது. அன்றைக்கே கிணற்றிலிருந்து மேற்கே போகும் எல்லையில் முட்கம்பி வேலி அடிக்கப்பட்டது. கிணறு மட்டும் பொதுவாக நின்றது. இந்தப் பக்கத்தார் அள்ளும்போது அந்தப் பக்கத்தார் வரமாட்டார்கள்.

இப்போது சரீபாவுக்கும் அப்துல் ஹமீட்டுக்கும் ஹஜ் பயணம் கிடைத்திருக்கிறது. புறப்பட முன்னம் தெரிந்தவர், அயலார், முறைத்தவர் எல்லாரிடமும் போய் மாப்புக் கேட்க வேண்டும். சரீபா ஊர் முழுக்க நடந்தாள். தன் மிளகாய்க் கன்றைத் தின்ற ஆட்டுக்குக் கல்லெறிந்ததற்கு ஆட்டுக்காரனிடமும் கேட்டாள். எல்லாரும் பொறுத்தோம் என்றார்கள். வேலிக்கு அப்பால் உள்ள வீடு மட்டும் மிஞ்சியது. "எண்ட சாமானத் தந்திட்டு வந்து கேளு," என்று உம்மு ஸல்மா கதவைச் சாத்தினாள். அந்த ஒரு சொல் இல்லாமல் கப்பலோ பிளேனோ ஏறமாட்டேன் என்று சரீபா வீட்டில் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகுதான் பேசாலைக்கு ஆள் போனது.

காலையில் முதலில் உம்மு ஸல்மாவின் பக்கத்தைத்தான் அன்ரோனெற் தேடினாள். சரீபா அங்கே கால் வைக்கக்கூடாது என்ற கட்டளையோடு உம்மு ஸல்மா அனுமதி தந்திருந்தாள். தானே ஒரு பலகையைப் போட்டு இருந்து காவல் பார்த்தாள். அறுபத்தைந்து வயது, கண் கூர்மை.

"கிடைக்காட்டி அவள் உனக்கு என்ன தருவாள்?"

"கூலி, அக்கா."

"கிடைச்சா?"

"அதே கூலிதான்."

"அப்ப நீ ஒரு மடைச்சி."

"ஓம் அக்கா," என்றாள் அன்ரோனெற்.

அந்தப் பக்கத்தில் பழைய வெட்டுக்குழி சரிந்து கிடந்தது. அதற்குள்ளும் சுற்றிலும் மெசின் வாயே திறக்கவில்லை. உம்மு ஸல்மா எழுந்து பலகையைத் தூக்கிக்கொண்டாள். "எனக்குத் தெரியும். ஊமை நிலம். இனி அவள்ட குசினிக்குள்ள போய்த் தேடு," என்று உள்ளே போய்விட்டாள்.

மத்தியானம் ஆனபோது சரீபாவின் பக்கமும் முடிந்தது. மிஞ்சியது வேலியடி மட்டும். முட்கம்பிக்குக் கிட்டக் கொண்டு போனாலே மெசின் கத்தியது. கம்பிக்குக் கீழே ஒரு கிடாரம் கிடந்தாலும் தெரியாது.

"கம்பியைக் கழட்ட வேணும் நானா."

அப்துல் ஹமீட் வீட்டைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார், கம்பி கழற்றும் குறடு ஒன்றை எடுத்து வந்தார். கம்பியின் சத்தம் கேட்டு அந்த வீட்டு யன்னல் திறந்தது.

"வேலியப் புடுங்குறீங்களா? புடுங்குங்க! கிணத்தையும் புடுங்கி மக்காவுக்குக் கொண்டு போங்க!"

"திருப்பி அடிச்சுத் தாறன் மதினி," என்று அப்துல் ஹமீட் மரியாதையாகச் சொன்னார். யன்னல் மூடியது.

கட்டைகள் நின்றன, கம்பி போய்விட்டது. அன்ரோனெற் கிணற்றிலிருந்து மேற்கே கட்டைகளின் வழியே மெசினை ஆட்டிக்கொண்டு போனாள். கம்பித் துண்டு ஒன்று. பிறகு ஒன்றுமில்லை. பிறகு, வெட்டி எறிந்த உடைமரத்தின் அடிக்கட்டைக்குப் பக்கத்தில், தடித்த, நீண்ட சத்தம். ஆணி இப்படிக் கத்தாது. அவள் மெசினைக் கீழே வைத்தாள். மகிழ்ச்சி வரவில்லை. மறுபடியும் குந்த வேண்டுமே என்றுதான் முதலில் தோன்றியது.

ஒரு சாண் பின்னால் குத்தினாள். பக்கமாகச் சுரண்டினாள். முழங்கை போகும் ஆழத்தில் துருப்பிடித்த தகரத்தின் வளைவு தெரிந்தது. இன்னும் சுரண்டினாள். ஒரு டின்னின் பக்கம் முழுதும் வெளியே வந்தது. அதன் அடி விளிம்பில் இற்றுப்போன ஓட்டையால் நுழைந்து, விரல் மொத்த வேர் ஒன்று மறுபக்கத்தால் வெளியே போயிருந்தது.

"அல்லாவே!" என்று சரீபா பாய்ந்து வந்தாள். அவள் கை குழிக்குள் போக முன்னம் அன்ரோனெற்றின் கை குறுக்கே விழுந்தது.

"கை வைக்காதைங்கோ."

"ஏன் புள்ள? அதுதான், அதேதான்!"

"கண்டால் தொடுறதில்லை. உரியவர் வந்து பாக்கோணும்."

மிதிவெடிக் காணியில் அப்படித்தான். கண்டதும் கையை எடுக்க வேண்டும், ஆளைக் கூப்பிட வேண்டும். இங்கே அது எதற்கு என்று அவள் யோசிக்கவில்லை.

அப்துல் ஹமீட் குழிக்கு மேலே நின்று கட்டைகளைப் பார்த்தார். இந்தக் கட்டைக்கும் அந்தக் கட்டைக்கும் இடையில் கண்ணால் ஒரு கோடு இழுத்தார். அவர் முகம் மாறியது.

"சரீபா. இது நம்மட பக்கம்."

ஒரு முழம்தான். ஆனால் அவர்களுடைய பக்கம். தன் நகை சரீபாவின் வளவுக்குள்ளிருந்து வந்தால் உம்மு ஸல்மா என்ன சொல்லுவாள் என்பதை எவரும் சொல்லத் தேவையில்லை.

அப்துல் ஹமீட் யன்னலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கம்பி இப்ப இல்லதானே. ஒரு முழம் அங்கால வைச்சு மண்ணப் போட்டா..."

"போட்டா?"

"அவட வளவுக்குள்ளயே கிடைச்சமாதிரி. ஆருக்கும் நட்டமில்ல. சாமான் அவட சாமான்."

"பொய் சொல்லி வாங்கின மாப்பத் தலையில வச்சுக்கொண்டு நான் கஃபாவச் சுத்துறதா?" என்றாள் சரீபா. "நீங்க போய் அந்தக் கதிரையில இரிங்க."

அவர் போய் இருந்தார்.

அன்ரோனெற் எழுந்து, கால் நேராகும்வரை நின்று, உம்மு ஸல்மாவின் கதவைத் தட்டினாள். "டின் ஒண்டு இருக்குது அக்கா. எடுக்கேல்லை. வந்து பாருங்கோ."

"எங்க?"

"வேலியடியில. கட்டைக்கு அங்கால."

"அவள்ட பக்கமா?"

"ஓம்."

கதவு திறக்கவில்லை. "நேத்து ராவு தாட்டிருப்பாள். போ, வரமாட்டன்."

"நேற்றுத் தாட்டதோ எண்டு வந்து பாத்தால் தெரியும். நீங்கள் வராமல் நான் எடுக்க மாட்டன்."

"எடுக்காட்டிக் கிடக்கட்டும்."

அன்ரோனெற் குழியடிக்குத் திரும்பி வந்து குடையை விரித்து இருந்தாள். சரீபா பிளேன்ரீ கொண்டு வந்து வைத்தாள். தானும் பக்கத்தில் இருந்தாள். கொண்டலும் இல்லை, சோளகமும் ஓய்ந்துவிட்டது, எந்தப் பக்கத்துக் காற்றும் இல்லை. கடைசி பஸ்ஸின் கோர்ன் சத்தம் சந்தியில் கேட்டுத் தேய்ந்தது. அன்ரோனெற்றுக்குத் தன் வீட்டுக் கட்டில் நினைவு வந்தது. அதன் கால் ஒன்று குட்டை, செங்கல் வைத்திருக்கிறது. அதில் விழுந்தால் போதும் என்றிருந்தது.

"உங்களுக்கும் உப்பிடித்தானா புள்ள? கோயிலுக்குப் போக முன்னம் கேக்கணுமா?"

"சாமியாரிட்டச் சொல்லுவம். ஆக்களிட்டக் கேக்கிறது குறைவு."

"அது லேசு," என்றாள் சரீபா.

பின்னேர அஸர் தொழுகை முடிந்த பிறகு உம்மு ஸல்மா வந்தாள். சரீபா எழுந்து தள்ளி நின்றாள். உம்மு ஸல்மா குழியின் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றிக் குந்தினாள்.

"எண்ட டின்தான். உண்ட வளவுக்குள்ள," என்றாள், சரீபாவைப் பார்க்காமல்.

"வேரைப் பாருங்கோ அக்கா," என்றாள் அன்ரோனெற்.

உம்மு ஸல்மா பார்த்தாள். கையை விட்டு வேரைப் பிடித்து இழுத்தாள். அது அசையவில்லை. வேர் போன வழியே கண்ணை ஓட்டி அடிக்கட்டையில் நிறுத்தினாள். இவர்கள் திரும்பி வந்து காட்டை வெட்டியபோது தறித்த மரம். தறிக்கும்போதே வயதான மரம்.

"அப்ப நான் வெட்டின இடம்?"

அவள் தானே எழுந்து கிணற்றடிக்குப் போனாள். வாளியைக் கழற்றிக் கயிற்றின் ஒரு நுனியை அப்துல் ஹமீட்டிடம் நீட்டினாள். "கிப்லாப் பக்கம் பிடி." அவர் பள்ளிவாசலில் தொழ நிற்கிறமாதிரி நின்று, கயிற்றை இழுத்துக்கொண்டு நடந்தார். அவளுடைய பழைய வெட்டுக்குழியடியில் போய் நின்றார்.

அவள் அப்படியே நின்றாள். எதிரே பொழுது கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அது அவருக்கு நேரே இறங்கவில்லை, இடப்பக்கமாக இறங்கியது.

"பழைய பள்ளி எந்தப் பக்கம் பாத்து நிண்டது ஹமீட்?"

அவருக்கு விளங்க ஒரு நிமிசம் எடுத்தது. பிறகு தலையில் கை வைத்தார். "நேர் மேக்கு, மதினி. இப்ப கட்டினதிலதானே திசைகாட்டி வச்சு வலப்பக்கம் கொஞ்சம் திருப்பினது. கம்பளத்தில கோடு போட்டிரிக்கு, எல்லாரும் அதப் பாத்துத்தானே..."

"அவருக்குக் கிப்லா எண்டா பொழுது படுற பக்கம்," என்றாள் உம்மு ஸல்மா. "நானும் இந்தக் கிணத்தடியில அந்தப் பக்கம் பாத்துத்தான் தொழுதனான்."

அப்துல் ஹமீட் கயிற்றை நீட்டியபடியே இடப்பக்கம் நகர்ந்தார். வெட்டுக்குழியைத் தாண்டி, வேலிக் கட்டையைத் தாண்டி, குழியடிக்கு வந்தார். கயிறு கொஞ்சம் மிஞ்சியது. புதுக் கயிறு.

உம்மு ஸல்மா வந்து தானே வேரை வெட்டினாள். டின்னைத் தூக்கியதும் அடி கழன்று விழுந்தது. உக்கிப்போன துணிக்குள் ஒரு சங்கிலி, இரண்டு காப்பு, கறுத்த வெள்ளிக் கொலுசு, காதுக்குப் போடும் அல்லுக்குத்து ஒரு சோடி. ஒவ்வொன்றாக மடியில் வைத்தாள். பிறகு குழியைக் கையால் துழாவினாள்.

"அட்டியல் எங்க?"

அன்ரோனெற் மெசினை எடுத்துக் குழிக்குள்ளும் வெளியே எடுத்த மண்ணுக்குள்ளும் பிடித்தாள். இரண்டு தரம் பிடித்தாள். "வேற ஒண்டும் இல்லை அக்கா. இருந்தால் சத்தம் போடும்."

"அட்டியலும் இருந்தது!"

அப்துல் ஹமீட் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, முகத்தைப் பாராமல் சொன்னார். "விடிய வள்ளத்தில ஏறக்கொள்ள மஹ்மூது நானா அதை வள்ளக்காரனுக்குக் குடுத்தவர், மதினி. டின்னுக்க போட முன்னம் எடுத்து மடியில வச்சிருந்தவர். உங்களுக்குச் சொல்ல வேணாமெண்டார்."

"இவ்வளவு காலமும் ஏன் சொல்லல்ல?"

"டின்னே இல்லாம இதச் சொன்னா நம்பியிருப்பீங்களா?"

"மௌத்தானவரில பழி போடுறியா?"

அவர் கயிற்றைக் கிணற்றடிக்குக் கொண்டு போனார். சரீபா மண்ணைப் பார்த்தபடி நின்றாள். அன்ரோனெற் மெசினை நிற்பாட்டினாள். அது காதுக்குள் தொடர்ந்து கூவியது. ஒரு வீட்டின் சாமானை வெளியே எடுத்துக் கொடுத்தால் அந்த வீடு இன்னொன்றைத் தேடத் தொடங்கும். இதை அவள் பல வளவுகளில் பார்த்துவிட்டாள்.

"ராத்தா," என்றாள் சரீபா. "மாப்புத் தாங்க."

உம்மு ஸல்மா மடியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கட்டையைத் தாண்டித் தன் பக்கம் போனபின் திரும்பினாள்.

"டின்னுக்குப் பொறுத்தன். அட்டியல மறுமையில கேக்கிறன்."

"ஆரிட்ட ராத்தா? எங்கிட்டயா?"

"கேக்க வேண்டிய ஆளிட்ட," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அன்ரோனெற் அன்றிரவு சரீபாவின் வீட்டில் படுத்தாள்.

மறுநாள் காலை உம்மு ஸல்மா தன் முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள். காதில் அல்லுக்குத்துப் போட்டிருந்தாள். குழி மூடப்பட்டிருந்தது. யார் மூடினார்கள் என்று தெரியவில்லை. அப்துல் ஹமீட் கம்பியைத் திருப்பி அடிக்க ஆணி தேடி, முதல் நாள் மண்ணிலிருந்து எடுத்தவற்றையே உரப்பையிலிருந்து எடுத்து நிமிர்த்தினார். செப்புக் காசைத் தான் வைத்துக்கொண்டார். அரை மாப்புச் செல்லுமா என்று சரீபா கேட்டாள். தனக்குத் தெரியாது, மௌலவியிடம் கேளுங்கோ என்று அன்ரோனெற் சொன்னாள். மௌலவி மன்னாருக்குப் போயிருந்தார்.

முதல் பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. அடுத்ததில் வந்தாள். பேசாலையில் இறங்கியபோது கருவாட்டு வாடியில் ஆள் குறைவு என்று கூப்பிட்டார்கள், போனாள். குந்தாமல் நின்றபடி செய்யும் வேலையைக் கேட்டு வாங்கினாள். பின்னேரம் சிங்கராசா கிடைத்ததா என்று கேட்டான். கிடைத்தது என்றாள். மெசினின் பற்றரிகளைக் கழற்றிவிட்டு அதைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

பொழுதுபடும் நேரம் அப்துல் ஹமீட் போன் எடுத்தார். கேட்பதுதான் கடமை, கொடுப்பது அவர் பாடு என்று மௌலவி சொன்னாராம். பயணம் போகிறார்களாம். சரீபா இன்னும் சாப்பிடவில்லையாம். அன்ரோனெற் சரி என்று சொல்லிவிட்டு, மழை இருட்டுக் கண்டு கருவாட்டுப் பாயைச் சுருட்டப் போனாள்.